துளையில்லாத கச்சைப்பூண்

ருவோவைக் கட்டிக்கொண்ட புதிதில் தெங் ஓயாமல் ஒரு புகார் சொல்லிக்கொண்டிருப்பான். பாயில் மணல், சோற்றுக் கிண்ணத்தில் மணல், ஆசையாய் அவள் கூந்தலைக் கோதினால் விரலிடுக்கெல்லாம் மணல்!

"பொண்ணைக் கட்டிக்கிட்டு வந்தேனா, ஆத்தங்கரையைக் கட்டிக்கிட்டு வந்தேனான்னே தெரியல" என்பான்.

"உங்க அரக்கு நாத்தத்துக்கு மணல் எவ்வளவோ தேவலை. மணலாவது உதறினா போயிடும்" என்று அவளும் விடமாட்டாள்.

இருவருக்கும் தொழில் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. லின்ஷியாங் நகரத்து ஆற்றங்கரைத் தெருவில், கோங் ஐயாவின் பட்டறையில் ஜேட் கல் தேய்ப்பவள் ருவோ. எந்தக் கத்திக்கும் மசியாத அந்தக் கல்லை, ஈர மணலைக் கொட்டிக் கொட்டி நூலால் இழுத்துத்தான் அறுக்க வேண்டும். பக்கத்து முற்றத்தில் வெண்கல வாள் வார்ப்பார்கள். வாளின் பிடித் தலைக்கு ஒரு பூண், பிடியும் அலகும் சேரும் இடத்துக்கு ஒன்று, உறையின் நுனிக்கு ஒன்று, இடுப்புக் கச்சையை நுழைத்துக் கட்ட உறையின் மேல் ஒன்று என்று நான்கையும் ஜேட்டில் செய்து கொடுப்பது கோங் ஐயாவின் பட்டறை. அவற்றை அரக்கு வைத்துப் பதிப்பவன் தெங்.

அவர்கள் காதல் வெளிப்பட்டதுகூட அரக்கினால்தான். காயாத பச்சை அரக்கு, பழகாத தோலில் பட்டால் தடிப்புத் தடிப்பாய்க் கிளம்பிவிடும். ஒரு வசந்த காலத்தில் ருவோ கன்னமும் கழுத்தும் சிவந்து வீங்கி வேலைக்கு வந்து நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கல் தேய்க்கும் பாங் அக்கா பட்டறைக்கே கேட்கும்படி கேட்டாள்:

"ஏண்டி, உறைக்கு அரக்கு பூசுவாங்க, பெட்டிக்குப் பூசுவாங்க. கன்னத்துக்கும் பூச ஆரம்பிச்சுட்டாங்களா இப்ப?"

பட்டறை முழுக்கச் சிரித்தது. தெங் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே பூசிய உறைக்கே மறுபடி அரக்குப் பூசிக்கொண்டிருந்தான். அடுத்த மாதமே கல்யாணம்.

கச்சைப்பூணைப் பற்றி ஒரு சங்கதி சொல்ல வேண்டும். உயிரோடிருப்பவனின் வாளுக்குச் செய்தால் பூணில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை நீளத் துளை போட்டுவிடுவார்கள். கச்சை அதில்தான் நுழையும். புதைகுழிக்குப் போகும் வாள் என்றால் முகப்பில் பூவேலை எல்லாம் உண்டு, துளை மட்டும் கிடையாது. போரில் செத்தவனின் சொந்த வாளாக இருந்தால், சாம்பல் கலந்த அரக்கை அடைத்துத் துளையை மூடிவிடுவார்கள். துளை திறந்திருந்தால் செத்தவன் கச்சையைக் கட்டிக்கொண்டு வீட்டைத் தேடி நடக்க ஆரம்பித்துவிடுவான் என்று பயம். அப்படி நடப்பவனுக்கு மண்ணுக்குள்ளும் இடமில்லை, வீட்டுக்குள்ளும் இடமில்லை.

கல்யாணமாகி ஒரு வருடம் தித்திப்பாய் ஓடியது. பிறகு தளபதி ஜாவ் தெற்கே மலைகளுக்கு அப்பால் படையெடுத்துப் போனார். தெற்கத்திக் காடுகளின் ஈரத்தில் உறைகள் ஊறும், பூண்கள் கழன்று விழும் என்று ஊரிலிருந்து சில அரக்குக்காரர்களையும் கூட்டிக்கொண்டார். அதில் தெங்கும் ஒருவன். தளபதியின் வாளுக்குக் கச்சைப்பூண் அறுத்தவள் ருவோ; பதித்தவன் தெங். அந்த வாளே தன் புருஷனை இழுத்துக்கொண்டு போகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

படை கிளம்பிய காலையில் நகர வாசலில் முரசு முழங்கிக்கொண்டிருந்தது. தெங் பஞ்சு வைத்த குளிர்கால அங்கியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

"தெற்க ஒரே புழுக்கமாம். இதைத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ண? நீயே வச்சுக்க."

"என்ன அவசரம், போகும்போதே சுமையை எங்கிட்ட தள்றீங்க?"

"வந்து வாங்கிக்கறேன்டி, மணல்காரி."

சிரித்துக்கொண்டேதான் போனான். தெருத் திரும்பும் இடத்தில் ஒருதரம் பார்த்தான். ருவோ அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழக் கூடாது, வழியனுப்பும்போது அழுதால் ஆகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது! ஆற்றில் தண்ணீர் ஏறியது, இறங்கியது. ஆரஞ்சுத் தோப்புகள் பூத்தன, காய்த்தன, கூடை கூடையாகப் படகேறின. தெற்கிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. வெயில் அடிக்கும் நாளில் ருவோ அந்த அங்கியை எடுத்து மூங்கில் கழியில் உலர்த்துவாள். திரும்ப மடிக்கும்போது கழுத்துப் பட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். முதல் வருடம் அரக்கு வாசனை குப்பென்று அடித்தது. அடுத்த வருடம் தேடினால் கிடைத்தது. அதற்கும் அடுத்த வருடம், இருப்பதாக நினைத்துக்கொண்டால் இருந்தது. எந்த நாற்றத்தைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தாளோ அதற்காக இப்போது ஒரு துணியை முகர்ந்து முகர்ந்து தவித்தாள்.

அப்போதுதான் தளபதி வீட்டுக் காரியக்காரர் பட்டறைக்கு வந்தார்.

கையில் பட்டில் சுற்றிய வெள்ளை ஜேட் கட்டி. கோங் ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஐயாவின் முகம் மாறியது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். காரியக்காரர் போன பிறகு கட்டியை எடுத்துவந்து பாங் அக்காவின் முன்னால் வைத்தார்.

"நாலு பூணும் நீயே பாத்துக்க."

"கச்சைப்பூண் ருவோதானே அறுப்பா?"

"நீ பாருன்னா பாரேன். உங்கிட்ட ஒரு வேலை சொன்னா ஒம்பது கேள்வி!"

எப்போதும் வாய் மூடாத பாங் அக்கா அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு தேய்த்தாள். ஒரு மத்தியான வேளையில் ருவோ அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கச்சைப்பூணின் முகப்பில் மேகச் சுருள்கள் முடிந்து, மினுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மினுக்குவது கடைசி வேலை. துளை அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

"அக்கா, தொளை போடலையா?"

"போடணும், போடணும். மேல் வேலை முடியட்டும்னு…"

"மினுக்கின பிறகா தொளை போடுவாங்க?"

பாங் அக்காவின் கை நின்றுவிட்டது.

"அக்கா! இது யாரு வாளுக்கு?"

"வாயை மூடுடி. நாள் குறிக்கலை இன்னும். வெளியில தெரியக் கூடாது."

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குறி பார்ப்பவர் நாள் சொல்லும்வரை பெரிய வீட்டுச் சாவை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அழக் கூடாது. ஆனால் பட்டறைக்காரர்களுக்கு மட்டும் முன்னாலேயே தெரிந்துபோகும். தளபதி ஜாவ் இறந்துவிட்டார். தளபதியே போய்விட்டார் என்றால் அவரோடு போனவர்கள்?

பாங் அக்கா அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்க. எப்படியும் தெரியத்தான் போகுது. கூடப் போன ஒருத்தரும் திரும்பலையாம். அதனால எல்லாருக்கும் ஒரே நாள்ல கூரையேறிக் கூப்பிடப் போறாங்களாம். வீட்டுக்கு வீடு உடுப்பு வாங்க ஆளு வரும். தளபதியோட குழியில அவரு காலடியில எல்லா உடுப்பையும் வைப்பாங்களாம்."

கூரையேறிக் கூப்பிடுவது என்னவென்று அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். செத்தவனின் உடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வடக்கே பார்த்து, பேரைச் சொல்லி 'திரும்பி வா' என்று மூன்று முறை கூவுவார்கள். எங்கே அலைந்தாலும் ஆவி வந்து அந்த உடுப்பில் ஏறிக்கொள்ளும். பிறகு உடுப்பைப் புதைத்துவிட்டால் ஆவிக்கு அமைதி.

ஆனால் கூப்பிடப்பட்டவன் உயிரோடு இருந்தால்?

"உசுரோட இருக்கறவன் பேரைக் கூப்பிட்டா என்னக்கா ஆகும்?"

கூப்பிட்டது கூப்பிட்டதுதான், ஆவி வந்தே தீரும் என்று இருவருக்கும் தெரியும். தெற்கே ஏதோ ஒரு காட்டுப் பாதையில் தெங் நடந்து வந்துகொண்டிருப்பான். இங்கே கூரையிலிருந்து கூப்பிட்ட அந்த நொடியில் அப்படியே சுருண்டு விழுவான். தன் வீட்டுக் கூரையே தன் புருஷனைக் கொல்லும்! அதுவும் அவள் கையால் மடித்து வைத்த அங்கியைக் கொண்டு!

ருவோ எழுந்தாள். உள்ளே போய் அந்தப் பூணை எடுத்தாள். குழாய்த் துளையாணியை நிறுத்தி, ஈர மணலைக் கொட்டி, சுழற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், என்னடி பண்ற? பைத்தியமா உனக்கு?"

"யாரு செத்தாங்கன்னு யாராவது சொன்னாங்களா அக்கா? ஊர்ல யாரும் அழலியே. அப்ப இது உசுரோட இருக்கறவரு வாளுதான். தொளை போட்டுத்தான் ஆகணும்."

வெளியே போயிருந்த கோங் ஐயா பொழுது சாய்ந்து சேதி கேட்டு ஓடிவந்தபோது இரண்டு முனையிலிருந்தும் துளை விழுந்து, நூலைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தாள். கல் கிறீச்சிட்டது.

"அடிப்பாவி! என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியே! அந்த வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் ஐயா. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். என்ன தண்டனையோ அதை நானே வாங்கிக்கறேன்."

"வாங்கிக்குவா! மகராணி, வாங்கிக்குவா!" என்று அவர் கத்தினார். ஆனாலும் அவளைத் தடுக்கவில்லை. அவளுடைய கல்யாணத்தில் கள்ளைக் குடித்துவிட்டு முதலில் ஆடியவர் அவர்தான்.

தளபதியின் மனைவி பின்கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். துக்கத்து வெள்ளை உடுத்த இன்னும் நாள் வரவில்லை. அதனால் பூப்போட்ட சிவப்புப் பட்டு. முகத்தில் கெட்டியாய் அரிசிமாவுப் பூச்சு. ஆனால் கண்ணிமைகளின் வீக்கத்தை எந்த மாவு மறைக்கும்? ருவோ மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்கி, பட்டுத் துணியை விரித்தாள்.

அம்மையார் மற்றப் பூண்களைத் தொடவில்லை. கச்சைப்பூணைத்தான் எடுத்தாள். திருப்பினாள். துளை வழியாக வெளிச்சம் தெரிந்தது.

"இதுல தொளை வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருந்ததே."

"சொன்னாங்கம்மா."

"அப்புறம்?"

"தளபதி ஐயா நடந்து திரும்பி வரணும் இல்லைங்களாம்மா? அதான் போட்டுட்டேன்."

பணிப்பெண் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ருவோ தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"என்னை அடிக்கச் சொல்லுங்கம்மா, பட்டுக்கறேன். ஐயாகூட எம் புருஷனும் போனாரு. அவரு இருக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியணும். யாரைப் போய்க் கேப்பேன்? கேட்கவே கூடாதுன்னு நாள் பாத்துக்கிட்டு இருக்காங்க. கேட்கறதுக்கு எனக்கு இந்தக் கல்லை விட்டா வேற வாய் இல்லம்மா."

மாவுப் பூச்சின் மேல் இரண்டு கோடுகள் வழிந்தன. அம்மையார் பணிப்பெண்ணைப் பார்த்து, "கதவைச் சாத்திட்டு வெளியில இரு" என்றாள். கதவு மூடியதும் பாய்க்குப் பின்னாலிருந்த பெட்டியைத் திறந்து, ஒரு வாளை எடுத்து ருவோவின் முன்னால் வைத்தாள்.

"இது மட்டும்தான் வந்துச்சு. உடம்பு வரல. அஞ்சல் வீரன் எவனோ யார்கிட்டயோ வாங்கி, கை மாறிக் கை மாறி இங்க வந்து சேந்துச்சு. அவரு இடுப்புல இருந்தது. இதைத்தான் அவரோட உடுப்பு பக்கத்துல வைக்கணும்னு நான் சொல்றேன். என் கொழுந்தன் விடமாட்டேங்கறான். அண்ணன் பதவி தனக்கு வரப் போகுதாம், அண்ணன் வாளும் தன் இடுப்புல இருக்கணுமாம். குழிக்கு வேற ஒண்ணு செஞ்சு வச்சா போதுமாம். அதுக்குத்தான் உங்களுக்கு வேலை குடுத்தான்."

ருவோ வாளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். வெண்கலம் ஈரத்தில் கறுத்திருந்தது. உறையில் விரிசல். அதன்மேல் அவள் அறுத்த கச்சைப்பூண், ஒரு மூலை உடைந்திருந்தாலும் ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. துளை அடைக்கப்பட்டிருந்தது. சாம்பல் கலந்த கறுத்த அரக்கு, கல்லின் விளிம்போடு விளிம்பாய்.

"இங்க வந்தப்புறம் அடைச்சதாம்மா இது?"

"இல்ல. வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

அப்படியானால் தளபதி செத்த பிறகு, அந்தக் காட்டில், ஓர் அரக்குக்காரன் உட்கார்ந்து இதை அடைத்திருக்கிறான். அரக்கைக் கூழாக்கி, சாம்பலைச் சலித்து, அவசரமில்லாமல் அடைத்திருக்கிறான். மற்றவர்கள் மூங்கில் தகட்டால் வழித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். தெங் மட்டும் வழித்த பிறகு கட்டைவிரலால் ஒருதரம் அழுத்துவான். 'என் பட்டறையில விரல் ரேகை விற்பனைக்கு இல்ல' என்று கோங் ஐயா திட்டாத நாள் கிடையாது. இதோ, அடைப்பின் நடுவில் மெல்லிய ஒரு பள்ளம். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம்!

"இருந்திருக்காரு!" என்று ருவோ கதறிவிட்டாள். "அம்மா, அன்னிக்கு எம் புருஷன் உசுரோட இருந்திருக்காரு! இது அவரு விரல்!"

அதற்கு மேல் அவளுக்குக் கண் தெரியவில்லை. கண்ணீர் வாளையும் உறையையும் பூணையும் ஒன்றாகக் குழப்பியடித்தது. அம்மையார் தன் பட்டுக் கையால் அந்த மணல் கையைப் பிடித்துக்கொண்டாள். அழ அனுமதி இல்லாத வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பெண்களும் சத்தம் வராமல் அழுதார்கள்.

முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டது அம்மையார்தான். புதுப் பூணைத் திரும்ப எடுத்தாள். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஈர மாவு ஒட்டிய முகத்தில் ஒரு யோசனை ஓடியது.

"தொளை போட்ட பூணை யாராவது குழியில வைப்பாங்களா?"

"வைக்கக் கூடாதும்மா. ஐயா அடங்காம நடந்து வந்துடுவாரு."

"அடைச்ச பூணை உசுரோட இருக்கறவன் இடுப்புல கட்டுவானா?"

"எந்த ஆம்பளையும் கட்ட மாட்டான்மா. கட்டினா அவனுக்கே குழி."

"அடைப்பை நோண்டி எடுத்துட்டா?"

"ஒருதரம் செத்தவருக்குன்னு அடைச்சதை எந்தப் பட்டறையிலயும் தொட மாட்டாங்க."

அம்மையார் மெல்லத் தலையாட்டினாள். "அடைச்சிருக்குன்னு அவன் இன்னும் உத்துப் பாக்கல. அப்ப புது வாளு கொழுந்தனுக்கு. அவன் குடுத்த வேலை, அவனே கட்டிக்கட்டும். என் வீட்டுக்காரர் வாளு அவரோடயே போகட்டும். நீ பண்ணின தப்பு எனக்கு உதவியாப் போச்சு." சற்று நிறுத்திக் கேட்டாள்: "உனக்கு என்ன வேணும்?"

"எங்க வீட்டுக்கு உடுப்பு வாங்க ஆள் வரக் கூடாதும்மா. எங்க கூரையில யாரும் ஏறக் கூடாது."

"வர மாட்டாங்க. ஆனா ஒண்ணை யோசிச்சியா? இந்த அடைப்பு போட்டது எப்பவோ. அதுக்கப்புறம் எத்தனை மழை, எத்தனை ஜுரம். ஒருவேளை அவன் இல்லன்னு வச்சுக்க. கூப்பிட ஆள் இல்லாத ஆவி அந்தக் காட்டுலயே பசியோட அலையுமே. அந்தப் பாவத்தைத் தாங்குவியா? நீயும் விதவையும் இல்ல, வாழறவளும் இல்லன்னு ஆயிடுவே."

இதை அவள் நினைக்கவேயில்லை. இருப்பவனைக் கூப்பிட்டால் கொலை. இல்லாதவனைக் கூப்பிடாவிட்டால் அது கொலையைவிடக் கொடுமை. எதை எடுத்தாலும் அவள் கைதான் செய்யும். இதைவிடப் பெரிய தண்டனையைப் பெண்ணொருத்திக்குத் தெய்வம் கொடுக்குமா?

"இருக்காரும்மா" என்றாள் கடைசியில். "நான் பாத்தேனே. அவரு விரல்தான்."

நாள் குறித்தார்கள். ஊர் அழ ஆரம்பித்தது. பட்டறையில் பாங் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதடி. படையில அரக்குக்காரன் அவன் ஒருத்தன்தானா? நம்ம ஊர்லேருந்தே நாலு பேரு போனாங்க. கட்டைவிரல் அவனுக்கு மட்டுமா இருக்கு?"

"வேற யாரும் அப்படி அழுத்த மாட்டாங்கக்கா."

"அரக்கு காயும்போது தானா உள்வாங்குறதும் உண்டே. நீ நல்லாப் பாத்தியா?"

ருவோ கோபமாய் எழுந்து போய்விட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பார்த்தாளா? அந்தப் பள்ளம் கண்ணில் பட்ட மாத்திரத்தில் கண்ணீர் மறைத்துவிட்டதே! ரேகை தெரிந்ததா, வெறும் பள்ளம்தானா? நினைக்க நினைக்க ஒரு சமயம் தெங்கின் விரல் ரேகை ஒவ்வொன்றும் தெளிவாய்த் தெரிந்தது. ஒரு சமயம் அரக்கு காய்ந்து ஒடுங்கிய வெறும் குழியாய்த் தெரிந்தது.

கூரையேறும் நாள் காலையில் அம்மையார் வீட்டுப் பணிப்பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஐயாவைக் கூப்பிட்டாச்சு, சவப்பெட்டியை மூடப் போறாங்க. வாளை மேலதான் வச்சிருக்கு. இன்னொருதரம் நல்லாப் பாக்கணும்னா உடனே வான்னு அம்மா சொன்னாங்க. மூடிட்டா அப்புறம் யாராலயும் முடியாது."

ருவோ போட்டது போட்டபடி ஓடினாள். தெருவெல்லாம் வெள்ளை உடுப்பு. பெரிய வீட்டு வாசல் திறந்திருந்தது. முற்றத்தைத் தாண்டி, கூடத்தின் நடுவே கறுப்பு அரக்குப் பூசிய பெட்டி தெரிந்தது. அம்மையார் அதன் பக்கத்தில், இப்போது மாவில்லாத முகத்தோடு, வெள்ளையில் நின்றுகொண்டிருந்தாள். ருவோவைப் பார்த்துக் கையசைத்தாள். வா!

ருவோவின் கால் வாசற்படியில் நின்றுவிட்டது.

போய்ப் பார்த்து, அது தெங்கின் விரலாக இருந்தால்? ஏற்கெனவே நம்புவதைத்தான் நம்பப் போகிறாள். இல்லையென்றால்? இன்றைக்கே ஓடிப்போய் அந்த அங்கியை எடுத்துவந்து, கூரையேறி, தன் வாயாலேயே 'திரும்பி வா' என்று கூவி, இந்தப் பெட்டியின் காலடியில் அவனைப் படுக்கவைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக் காலையிலிருந்து காத்திருக்க யாரும் இருக்க மாட்டார்கள். உலை வைக்கும்போது அவனுக்கென்று ஒரு பிடி அரிசி அதிகமாகப் போட வேண்டியிருக்காது. தெருவில் காலடிச் சத்தம் கேட்டால் நிமிர வேண்டியிருக்காது.

அம்மையார் மறுபடி கையசைத்தாள்.

ருவோ அங்கிருந்தபடியே தரையில் விழுந்து வணங்கினாள். எழுந்தாள். திரும்பி நடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெட்டியின் மூடி இறங்கும் சத்தம், மரத்தின் மேல் மரம் உட்காரும் சத்தம், மெத்தென்று கேட்டது.

ஆற்றங்கரைத் தெருவில் அவள் நுழையும்போது கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூரைக்குக் கூரை ஆட்கள். தூக்கிப் பிடித்த அங்கிகள் காற்றில் கைகளை விரித்து அடித்துக்கொண்டன. 'திரும்பி வா! திரும்பி வா!' ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் கீழே நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வீடுகளுக்கும் நடுவே ஒரு கூரை மட்டும் வெறுமையாய், வெயிலில் பளிச்சென்று கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி அழுகையை நிறுத்தி ருவோவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பரிதாபமா, பொறாமையா, யாருக்குத் தெரியும்!

அழுதவர்கள் அழுது தீர்த்தார்கள். துக்க காலம் முடிந்து வெள்ளையைக் கழற்றினார்கள். சிலர் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். குழந்தைகள் பிறந்தன. ருவோவுக்கு அழுது தீர்க்க நாள் ஒன்று வரவில்லை. முடியில் நரை விழுந்தது. பாங் அக்கா போய்ச் சேர்ந்தாள். பட்டறை கோங் ஐயாவின் மருமகன் கைக்கு வந்தது. ருவோவின் விரல்கள் கோணிப்போன பிறகும் நூல் இழுக்க வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். துளையில்லாத பூண் மட்டும் அவள் அறுக்க மாட்டாள். அப்படி வேலை வந்தால் சொல்லாமலே வேறொருத்தியிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஆற்றின் மேல்பக்கத்து ஊரிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி, ஓர் இலையுதிர் காலத்து மத்தியானம், ஒன்றும் தெரியாமல் அவளைக் கேட்டாள்:

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு அத்தை?"

பட்டறையில் சட்டென்று எல்லாக் கற்களும் ஓய்ந்தன. ருவோ மட்டும் நூலை நிறுத்தவில்லை.

"அரக்கு வேலை. தெற்க போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

ருவோ ஒரு கை மணலை அள்ளிக் கல்லின்மேல் போட்டாள். தண்ணீரைத் தெளித்தாள்.

"வேலை இன்னும் முடியலை போல" என்றாள்.